தண்ணீருக்கு விட்ட பன்னிரண்டு அடி

வரப்பின் மேல் நான் உட்கார்ந்துவிட்டேன்.

வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. எதிரே கன்னியம்மா மம்முட்டியோடு நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அவருடைய கொல்லை முழுக்கத் தண்ணீர். சிறுகீரைப் பாத்திகள் இருந்த இடத்தில் பச்சை நுனிகள் மட்டும் தெரிந்தன. அவையும் தண்ணீரோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தன. எங்கள் இரண்டு நிலத்துக்கும் நடுவே இருந்த வரப்பை இரண்டடி வெட்டிவிட்டால் போதும், அவ்வளவு தண்ணீரும் என் கத்தரித் தோட்டத்துக்குள் இறங்கிவிடும். அவருக்குக் கீரை பிழைக்கும். எனக்குக் கத்தரி போகும்.

அதனால் அவர் மம்முட்டியை ஓங்குவதற்கு முன்னால், வெட்டப்போகிற இடமாகப் பார்த்து, சேற்றிலேயே உட்கார்ந்தேன். ஒரு கையில் குடை. இன்னொரு கையில் புடவைக் கொசுவம். அதை எதற்குப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை; காப்பாற்றுவதற்கு அதில் ஒன்றும் மிச்சமில்லை.

"டீச்சரம்மா, ஏந்திருங்க," என்றார் கன்னியம்மா. கோபமாகச் சொல்லவில்லை. பஸ்ஸில் தன் சீட்டில் வந்து உட்கார்ந்துவிட்ட ஆளிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

எழுந்திருக்க மாட்டேன் என்றேன். தன் நிலத்துத் தண்ணீரை அடுத்தவர் நிலத்தில் தள்ளிவிடுவது என்ன நியாயம் என்று கேட்டேன். வகுப்பில் பேசிப் பேசிப் பழகிய குரல், மழைச் சத்தத்தைத் தாண்டிக் கேட்டிருக்கும். மனசாட்சி என்று ஒன்று இருக்கிறது என்றேன். பக்கத்து நிலத்துக்காரர்கள் என்றால் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்க வேண்டும் என்றேன்.

கன்னியம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். ஆனால் அவர் பார்வை என் முகத்தில் இல்லை. என் தோளுக்கு மேலாக எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் திரும்பிப் பாருங்க," என்றார். "உங்க வூட்டுக்காரர் இன்னா பண்ணிக்கினு கீறாருன்னு."

திரும்பினேன். என் நிலத்தின் மறுகோடியில், கீழ்ப்பக்கத்து வரப்பில், என் கணவர் பேண்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டு மம்முட்டியோடு நின்றிருந்தார். எங்கள் தண்ணீரைக் கீழே இருந்த நிலத்துக்குத் தள்ளிவிடப் போயிருந்தார். அவர் வெட்டப்போன இடத்தில், கோணிப்பையைத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, அந்த நிலத்துக்காரர் அருளப்பன் உட்கார்ந்திருந்தார்.

நான் உட்கார்ந்திருந்தது போலவே.

ஞாயிற்றுக்கிழமை விவசாயிகள்

இந்தத் தொடரில் இதுவரை பள்ளிக்கூடத்தைப் பற்றியே எழுதிவந்திருக்கிறேன். பூகோள டீச்சருக்குக் கத்தரித் தோட்டம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அதைச் சொல்லிவிட்டு வரப்புக்குத் திரும்புகிறேன். நான் எழுந்திருக்க இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் கிழக்குத் தாம்பரத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்தோம். என் கணவர் சபாபதிக்கு பட்டணத்தில் ஒரு அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. தினமும் எலெக்ட்ரிக் டிரெயினில் போய்வருவார். மாமனார் தவறிய பிறகு, மாடம்பாக்கம் ஏரிக்குக் கீழே அவர் பயிர் செய்துவந்த இரண்டு ஏக்கர் எங்கள் கைக்கு வந்தது. விற்றுவிடலாம் என்று உறவினர்கள் சொன்னார்கள். இவருக்கு மனசில்லை. எனக்கும், உண்மையைச் சொன்னால், கொஞ்சம் ஆசையாக இருந்தது. பத்து வருஷமாகக் கரும்பலகையில் ஆறும் மலையும் வரைந்துகொண்டிருந்தவளுக்கு நிஜ மண்ணில் கால் வைத்தால் என்ன என்று தோன்றியது.

வார நாட்களில் கூலிக்கு ஆள் வைத்துக்கொண்டோம். ஞாயிறும் பள்ளி விடுமுறையும் எங்களுடையவை. ஒரே சைக்கிளில் இருவரும் போவோம். சேலையூர் தாண்டியதும் காற்று மாறும். ஏரிச் சேற்றின் வாசனையும், யார் வீட்டிலோ நெல் அவிக்கிற வாசனையும் சேர்ந்து வரும்.

அந்தப் பக்கம் நிலங்கள் படிக்கட்டு மாதிரி. ஏரிக்குக் கீழே முதலில் கன்னியம்மாவின் கீரைக் கொல்லை. கணவரை இழந்தவர், கீரை விற்றே இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவர். விடிவதற்குள் கட்டுக் கட்டி, கூடையைத் தலையில் ஏற்றி, முதல் பஸ்ஸில் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய்விடுவார். அடுத்த படி எங்களுடையது, நடுவில் கத்தரியும் ஓரத்தில் நெல்லும். அதற்கும் கீழே அருளப்பனின் கழனியும் வீடும். அவர் பகலில் பம்மலில் ஒரு தோல் பட்டறையில் வேலை செய்தார், காலையும் மாலையும் கழனியில். அவர் நிலத்தைத் தாண்டி ரோடு. ரோட்டுக்கு அடியில் ஒரு சிறுபாலம்.

ஐப்பசி பிறந்து நாலு நல்ல மழை பெய்தால் ஏரி நிரம்பிக் கோடி போகும். கலங்கல் வழியாக உபரித் தண்ணீர் வெளியே வழிவதை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். அந்தத் தண்ணீர் எங்கள் மூன்று நிலத்தின் வழியாகத்தான் அந்தச் சிறுபாலத்துக்குப் போயாக வேண்டும். அதற்கென்று வாய்க்கால் கிடையாது. எப்போதோ இருந்ததாகச் சொன்னார்கள்.

ஆகவே வருஷா வருஷம் ஒரே கதை. கன்னியம்மா வரப்பை வெட்டுவார். நாங்கள் எங்கள் வரப்பை ஒரு முழம் உயர்த்துவோம். நாங்கள் உயர்த்தினால் அருளப்பன் ஒன்றரை முழம் உயர்த்துவார். எல்லா வரப்பும் சேர்ந்து ஒருநாள் மொத்தமாக உடையும். பிறகு மூன்று நிலத்திலும் கணுக்கால் அளவு வண்டல், ஆளுக்கு ஒரு அழுகல் வாசனை.

நல்லது ஒன்றும் நடக்காமல் இல்லை. தண்ணீரோடு ஏரியிலிருந்து விரால் மீன் இறங்கும். கன்னியம்மா கூடையைக் கவிழ்த்தே பிடிப்பார். முந்தின நாள் எங்களோடு பேசாமல் போனவர் மறுநாள் வாழை இலையில் சுற்றி நாலு மீன் கொடுத்தனுப்புவார். சண்டை வேறு, மீன் வேறு.

சந்திக்காத கோடுகள்

பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு நான் ஆண்டுதோறும் நடத்தும் பாடம், சம உயரக் கோடுகள். ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை எல்லாம் சேர்த்து வரைகிற கோடு. அதைப் பார்த்தே தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்லிவிடலாம். ஒரு பரீட்சையில் ஒரு பெண் எழுதியிருந்தாள்: "சம உயரக் கோடுகள் ஒன்றையொன்று எப்போதும் சந்திப்பதில்லை, எங்கள் வீட்டில் அப்பாவும் சித்தப்பாவும் போல." சிரித்துக்கொண்டே முழு மார்க் போட்டேன்.

கொடைக்கானல் மலைக்குச் சம உயரக் கோடு வரைந்து காட்டத் தெரிந்த எனக்கு, என் சொந்த இரண்டு ஏக்கரில் எது மேடு, எது பள்ளம் என்று தெரியாது. அருளப்பன் நிலம் கீழே இருக்கிறது, ஆகவே தண்ணீர் அங்கேதான் போக வேண்டும், அவர்தான் மறிக்கிறார் என்று வருஷக்கணக்கில் நம்பிக்கொண்டிருந்தேன்.

எழுந்த பிறகு

இப்போது வரப்புக்கு வருகிறேன்.

திரும்பிப் பார்த்தவள் அப்படியே இருந்தேன். சற்று முன்பு நான் பேசிய மனசாட்சியும் விட்டுக்கொடுத்தலும் என் காதிலேயே ஒலித்தன. தூரத்தில் அருளப்பனும் கையை ஆட்டி ஆட்டி என் கணவரிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். அவரும் அதையேதான் பேசியிருப்பார்.

முதலில் சிரித்தது கன்னியம்மாதான். மம்முட்டிக் காம்பில் சாய்ந்துகொண்டு, தோள் குலுங்க, சத்தம் வராத சிரிப்பு. எனக்கும் வந்துவிட்டது. சேற்றிலிருந்து எழ முயன்று வழுக்கி மறுபடியும் உட்கார்ந்தேன். அவர் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

அன்று யாரும் எதையும் வெட்டவில்லை. வெட்டவும் தேவைப்படவில்லை. மதியத்துக்குள் இரண்டு வரப்பும் தானாகவே உடைந்தன. கீரை, கத்தரி, அருளப்பனின் நெல் நாற்று எல்லாம் ஒரே வரிசையில் ரோட்டுப் பக்கம் போயின. நாங்கள் நான்கு பேரும் அருளப்பன் வீட்டு மாட்டுக் கொட்டகையில் ஒதுங்கி நின்று அதைப் பார்த்தோம். அவர் மனைவி கொண்டுவந்த டீயில் இஞ்சி தூக்கலாக இருந்தது.

தண்ணீர் போன விதத்தை அப்போதுதான் நிதானமாகப் பார்த்தேன். அதுவரை அதைத் தடுப்பதிலேயே குறியாக இருந்ததால் பார்த்ததில்லை. அது நேராகக் கீழே போகவில்லை. என் கத்தரித் தோட்டத்தின் குறுக்கே சாய்வாக வளைந்து போயிற்று.

"தண்ணி ஏன் அப்படிக் கோணலாப் போவுது?" என்று கன்னியம்மா கேட்டார்.

பூகோள டீச்சர் டீயை ஊதிக் குடித்தாள். பதில் தெரிந்தால்தானே சொல்ல.

ட்யூபும் காற்றும்

மாசி மாதம் எங்கள் வீட்டில் பின்பக்கம் ஒரு அறை கட்டினோம். கொத்தனார் தரைக்கு மட்டம் பார்க்க ஒரு நீளமான பிளாஸ்டிக் ட்யூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு நுனியை என் கணவர் பிடிக்க மறு நுனியைச் சித்தாள் பிடிக்க, இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்கிற உயரத்தில் சுவரில் கோடு போட்டார். அறைக்குள் மட்டம் பார்க்கிற ட்யூப் கொல்லையில் பார்க்காதா?

மறுநாளே ஹார்டுவேர் கடையில் முப்பதடி ட்யூப் வாங்கினேன். தண்ணீர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சிவப்பு மை கலந்தேன். பழைய புடவையைக் கிழித்து முளைக்குச்சிகளில் கட்டக் கொடி தயார் செய்தேன். ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களுக்கெல்லாம் ஒரே நிறத் துணி. அறுவடை முடிந்து மூன்று நிலமும் காய்ந்து கிடந்த நேரம்.

கன்னியம்மா ஒரு நுனியைப் பிடித்தார். நான் மறு நுனி. என் கணவர் குச்சி நட்டார். அருளப்பன் வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தார். டீச்சர் குடும்பம் மட்டம் பார்த்தால் முடிவு எப்படி வரும் என்று தெரியும் என்பதுபோல ஒரு முகம். நாள் முழுக்க வேலை செய்தோம். சாயங்காலம் பார்த்தால் நீலத் துணியெல்லாம் பைத்தியம் பிடித்த மாதிரி இங்கொன்றும் அங்கொன்றுமாக நின்றது. ஒரே உயரமாக இருக்க வேண்டிய இடங்களில் கண்ணுக்கே மேடும் பள்ளமும் தெரிந்தது.

அருளப்பன் மெதுவாக உள்ளே வந்தார். ட்யூபை எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்து, விரலால் சுண்டிச் சுண்டிப் பார்த்துக்கொண்டே போனார். நடுவில் ஒரு இடத்தில் நின்றார்.

"டீச்சர், ட்யூப்ல காத்து கீது."

ஒரு கொட்டைப் பாக்கு அளவு காற்றுக் குமிழி. அதை வைத்துக்கொண்டு தண்ணீர் எப்படி மட்டம் காட்டும்? நாள் முழுக்கச் செய்தது வீண். பட்டறையில் தண்ணீர்க் குழாய்களோடு மல்லாடுகிறவர் என்பதால் அவர் கண்ணுக்கு உடனே பட்டுவிட்டது. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் குமிழி பெரிய உபகாரம் செய்தது. பிழையைக் கண்டுபிடித்தவர் என்ற முறையில் அடுத்த ஞாயிறு முதல் அருளப்பனே ஒரு நுனியைப் பிடித்தார். தான் பிடித்த ட்யூப் சொன்னதை அவரால் மறுக்க முடியாது.

இரண்டு ஞாயிறு ஆயிற்று. முடிவில் நீலத் துணிகள் ஒழுங்காக வளைந்து நின்றன. வேலியோரம் நின்று பார்த்தால் பள்ளம் போகிற வழி பளிச்சென்று தெரிந்தது. கன்னியம்மாவின் கொல்லை மூலையில் தொடங்கி, என் கத்தரித் தோட்டத்தின் நட்டநடுவே சாய்வாகப் போய், அருளப்பனின் பனை வேலியை ஒட்டிச் சிறுபாலத்தில் முடிந்தது. அவர் வீடும் களமும் பாதிக் கழனியும் அந்தப் பள்ளத்துக்கு வெளியேதான் இருந்தன.

இத்தனை வருஷம் தண்ணீரை மறித்துக்கொண்டிருந்தது அருளப்பன் அல்ல. நாங்கள்தான். பள்ளத்தின் குறுக்கே உயர்ந்த வரப்பு போட்டு, உள்ளே கத்தரி வைத்திருந்தோம்.

அருளப்பன் ட்யூபைச் சுருட்டினார். கன்னியம்மா மிச்சக் குச்சிகளைப் பொறுக்கினார். இருவரும் ஏசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மாமனார் தூர்த்தது

என் கணவர் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அந்தக் கத்தரித் தோட்டம் மாமனாரின் செல்லம். மூன்றாம் நாள் காலை, காப்பியை ஆற்றிக்கொண்டே, டம்ளரைப் பார்த்தபடி சொன்னார்.

"அங்கே ஓடை இருந்தது. நான் சின்னப் பையனா இருந்தப்போ பார்த்திருக்கேன். ஒரு கோடையில அப்பா வண்டி வண்டியா மண் அடிச்சுத் தூர்த்தார்."

இவ்வளவு நாளும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் அப்பா செய்தது தப்பு என்று ஆகிவிடும், அதனால்தான் என்றார். அவருக்கு அப்போது நாற்பது வயதுக்கு மேல். முகம் பத்து வயதுப் பிள்ளை மாதிரி இருந்தது. அப்பா தப்பு செய்யவில்லை, அந்த வருஷங்களில் மழை குறைவாக இருந்திருக்கும், நிலம் வீணாகக் கிடக்கிறதே என்று நினைத்திருப்பார் என்று சொன்னேன். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

அன்று மாலை அவரே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் மற்ற இருவரிடமும் பேசிவிட்டு வந்தார்.

ஓடுவதும் நடப்பதும்

என் திட்டம் ஆழமான வாய்க்கால். நேராக, குறுகலாக, கழுத்தளவு வெட்டிவிட்டால் நிலம் அதிகம் போகாது. நோட்டில் படம் போட்டுக் கொண்டுபோனேன். கன்னியம்மா படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"ஆழமா வெட்னா தண்ணி ஓடும், ரெண்டு பக்கமும் கரையத் தின்னும். அகலமா வுடுங்க. நடந்து போவட்டும்."

அதையே செய்தோம். பன்னிரண்டு அடி அகலம், நடுவில் முழங்கால் ஆழம், தாம்பாளம் மாதிரி இரண்டு பக்கமும் மெல்ல ஏறுகிற சரிவு. உள்ளே அருகம்புல்; அதனால் அதைப் புல் பட்டை என்றோம். ஓரங்களில் நொச்சியும் வெட்டிவேரும். நொச்சிக் குச்சியை ஏரிக்கரையிலிருந்து ஒடித்துவந்து குத்தினால் போதும், பிடித்துக்கொள்ளும். பட்டை வரப்பைக் கடக்கிற இரண்டு இடத்திலும் வரப்பைத் தாழ்த்தி, பல்லாவரம் பக்கத்துக் குவாரியிலிருந்து உடைகல் கொண்டுவந்து பதித்தோம். தண்ணீர் ஏறினால் வரப்பை உடைக்காமல் கல்லின் மேல் வழிந்து போய்விடும்.

நிலத்தில் அதிகம் கொடுத்தது நாங்கள்தான். நியாயமும் அதுதான். அருளப்பன் ஒரு நிபந்தனை போட்டார். பட்டையிலிருந்து தோண்டுகிற மண்ணை அவருக்குக் கொடுக்க வேண்டும். வீட்டையும் களத்தையும் இரண்டடி உயர்த்திக்கொள்வார். தண்ணீர் முழுதும் தன் வேலியோரம் வரப்போகிறது என்கிறபோது அதுகூடக் கேட்கவில்லை என்றால் எப்படி?

கன்னியம்மா தன் கீரைப் பாத்திகளை எல்லாம் மேட்டுப் பாத்திகளாக மாற்றினார். நாங்கள் கத்தரியை மேட்டுப் பக்கம் கொண்டுபோனோம். பட்டையை ஒட்டிய தாழ்ந்த பகுதியில் நெல் மட்டும் வைத்தோம். நெல் இரண்டு நாள் தண்ணீரில் நிற்கும், கத்தரி நிற்காது. எங்கள் மொட்டை மாடியில் உடைந்த வாளிகளில் நாற்று விட்டு வைத்தேன். மழை எதையாவது அடித்துக்கொண்டு போனால் மறுவாரமே நட ஏதாவது கையில் இருக்குமே.

இதையெல்லாம் படித்துவிட்டு எல்லாம் சுபமாக நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். முதல் வருஷம் தோற்றுப்போனோம். புல் இன்னும் வேர் பிடிக்கவில்லை. ஐப்பசியில் பெய்த முதல் பெருமழையிலேயே பட்டையின் ஒரு கரை சரிந்து, மண்ணெல்லாம் அருளப்பனின் பீர்க்கங்காய்ப் பந்தலுக்கு அடியில் போய்க் குவிந்தது. அவர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். உள்ளே வந்து உட்காராமல் கேட்டில் நின்றபடியே பேசினார். பன்னிரண்டு அடியும் தன் வீட்டுக்குள் வருவதற்காகத்தான் விட்டதா என்று கேட்டார். பழைய வரப்பையே போட்டுவிடப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் என் கணவர் அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டுப் போய், பந்தலடி மண்ணைத் தானே வாரினார். அருளப்பன் வேலை முடிந்து வந்து பார்த்தபோது இவர் கையெல்லாம் கொப்புளம். அவர் மம்முட்டியை வாங்கிக்கொண்டார். சரிந்த இடத்தில் கல் போட்டு, மேலே கோணி விரித்து, வெட்டிவேரை நெருக்கி நட்டோம். ஒரு வருஷத்துக்கு மாடு இறங்கக் கூடாது என்று கன்னியம்மா முள் வைத்துக் கட்டினார்.

இரண்டாம் வருஷம் நின்றது. கோடையில் பட்டை முழுக்கப் புல், மூன்று வீட்டு மாட்டுக்கும் தீவனம்.

கல்யாணத் தேதி

மூன்றாம் வருஷம் அருளப்பனின் மகள் ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவள் என்னிடம் படித்தவள். சம உயரக் கோட்டில் கொஞ்சம் தகராறு, மற்றபடி கெட்டிக்காரி. மாப்பிள்ளைக்கு வடக்கே வேலை. கிடைத்த லீவு கார்த்திகை தொடக்கத்தில். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் ஆரம்பித்துவிட்டால் அவர்கள் கோயிலில் கல்யாணம் வைக்க மாட்டார்கள், தை வரை காத்திருக்க லீவு இல்லை. ஆக, வருஷத்திலேயே பெரிய மழை பெய்கிற அந்த ஒரு வாரத்தில் தேதி குறித்தார்கள். விருந்துக்குப் பந்தல், உயர்த்திய அந்தக் களத்தில்.

மண்டபம் பார்க்கலாமே என்று என் கணவர் சொல்லிப் பார்த்தார். அருளப்பன் கேட்கவில்லை. சொந்தக் களத்தில் போட வேண்டும் என்பது அவர் ஆசை. அதோடு, "அதான் வழி வுட்டுக்கீறோமே சார்," என்றார். அந்த நம்பிக்கையைக் கேட்டபோது எனக்கு ட்யூபில் காற்று இருந்த நாள் ஞாபகம் வந்தது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு மழை பிடித்தது. விட்டு விட்டுப் பெய்யவில்லை, ஒரே சீராகப் பெய்தது. முந்தின நாள் மதியம் ஏரி கோடி போயிற்று. பள்ளியில் மணி அடித்ததும் நேராக நிலத்துக்கு ஓடினேன். என் கணவர் ஏற்கெனவே அங்கே இருந்தார். பட்டையின் நடுவில் மூங்கில் கழி ஒன்றை நட்டு, அதில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருந்தார். என் பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ்தான்.

தண்ணீர் வந்தது. பழுப்பு நிறத்தில், நுரையும் ஆகாயத் தாமரையும் சுமந்துகொண்டு, கன்னியம்மாவின் மூலையில் திரும்பி எங்கள் பட்டைக்குள் இறங்கியது. முழங்கால் உயரம் வந்தது. இன்னும் ஒரு சாண் ஏறியது. தாழ்ந்த நெல்லுக்குள் பரவியது. கல் பதித்த இடத்தில் வழிந்து, வேலியோரம் போய், சிறுபாலத்துக்குள் நுழைந்தது. நடந்துதான் போயிற்று. களத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே பத்தடி தூரம் இருந்தது. அதற்கு மேல் அது வரவில்லை.

மறுநாள் காலை கோயிலில் கல்யாணம் முடிந்து எல்லோரும் விருந்துக்கு வந்தபோது மழை தூறலாகியிருந்தது. ரோட்டிலிருந்து வீட்டுக்கு வர அந்தப் பட்டையைக் கடக்க வேண்டும். அருளப்பன் இரண்டு பனைமரத் துண்டுகளைப் பாலமாகப் போட்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக வந்தார்கள். வெள்ளைப் பட்டில் ஸ்டெல்லா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மாப்பிள்ளையின் கையைப் பிடிக்காமல், தானே நடந்து வந்தாள். அவர்தான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். வடக்கத்திக் காய்ந்த பூமியில் பழகியவர், பாவம். பந்தலுக்குள் தரை உலர்ந்திருந்தது. பிரியாணி வாசனை ரோடு வரை வந்தது.

சாப்பாடு முடிந்து குடும்பத்தோடு போட்டோ எடுக்க எல்லோரையும் நிறுத்தினார்கள். பெண்ணுக்கு அப்பாவைக் காணோம். தேடினால், அருளப்பன் பட்டு வேட்டியோடு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். எங்களுக்கும் அவருக்கும் பொதுவான வரப்பில், கல் பதித்த இடத்தில், ஆகாயத் தாமரை வந்து அடைத்துக்கொண்டிருந்தது. அதைக் கழியால் நெம்பி நெம்பித் தன் நிலத்துப் பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தார்.

ஸ்டெல்லா பந்தல் ஓரத்திலிருந்து கூப்பிட்டாள். போட்டோக்காரர் காத்திருக்கிறார், இன்றைக்காவது அதை யாராவது பார்த்துக்கொள்ள மாட்டார்களா என்றாள்.

"ரெண்டு நிமிஷம்மா," என்றார், திரும்பாமலே. "இங்க அடச்சிக்கினா மேல கன்னியம்மாக்கா கீரைல ஏறிடும்."

கடைசிக் கொத்தும் விடுபட்டது. தேங்கியிருந்த தண்ணீர் ஒரு பெருமூச்சு விட்டது போலச் சத்தம் போட்டுக்கொண்டு அவர் நிலத்துக்குள் இறங்கிப் போனது. அவர் கழியை வரப்பில் சாத்திவிட்டு வந்து மகள் பக்கத்தில் நின்றார். ஸ்டெல்லா கன்னியம்மாவையும் எங்களையும் இழுத்து வரிசையில் நிறுத்தினாள்.

அந்தப் படத்தின் ஒரு பிரதி எங்கள் வீட்டில் இருக்கிறது. எல்லோரும் பளிச்சென்று இருக்கிறோம். அருளப்பனின் பட்டு வேட்டி மட்டும் முழங்கால் வரை சேறு.